விக்டரி மாடல் ரிவால்வர்: போருக்குப் பிந்தைய மாற்றங்களும் செப்பனிடலும்

விக்டரி மாடல் என்பது அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெருமளவில் தயாரித்த ஆறு தோட்டா ரிவால்வர் (சுழல் கைத்துப்பாக்கி) ஆகும். போர் முடிந்தபின் இவற்றில் ஏராளமானவை உபரிப் பொருளாக விற்கப்பட்டன. வாங்கிய வணிகர்களும் உரிமையாளர்களும் பலவற்றின் குழலை வெட்டிக் குறுக்கினர். தோட்டா அறையைக் குடைந்து வேறு வகைத் தோட்டாவுக்கு மாற்றினர். அந்த மாற்றங்களுக்கான காரணம், அவற்றால் ஏற்பட்ட பழுதுகள், அவற்றைச் சரிசெய்வதில் உள்ள சிக்கல் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய பொருள் ஒன்றைச் செப்பனிடும்போது எந்தக் காலத்து நிலைக்கு அதைத் திருப்ப வேண்டும் என்பது வரலாற்று மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி. இந்த ரிவால்வர் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

தோற்றம்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இயங்கியது. 1899 முதல் அது தயாரித்து வந்த "மிலிட்டரி அண்ட் போலீஸ்" என்ற ரிவால்வர்தான் விக்டரி மாடலின் முன்னோடி. போரின் தொடக்கத்தில் அந்நிறுவனம் பிரிட்டனுக்காக 9 மில்லிமீட்டர் இலகு ரைபிள் ஒன்றை வடிவமைத்தது. அதற்காகப் பிரிட்டன் பத்து லட்சம் டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. ரைபிள் சோதனையில் தேறவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தரும் நிலையில் நிறுவனமும் இல்லை. அந்தக் கடனை ரிவால்வர்களாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று முடிவாயிற்று. டன்கர்க் பின்வாங்கலில் ஆயுதங்களைப் பெருமளவில் இழந்திருந்த பிரிட்டனுக்கும் கைத்துப்பாக்கிகள் உடனே தேவைப்பட்டன.

1942-இல் இந்த வகையின் வரிசை எண் பத்து லட்சத்தை எட்டியது. அதன்பின் எண்களுக்கு முன் "வி" என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துப் புதிய வரிசை தொடங்கப்பட்டது. வெற்றியைக் குறிக்கும் அந்த எழுத்தினால் "விக்டரி மாடல்" என்ற பெயர் நிலைத்தது. போர்க்காலச் சிக்கனம் இதன் தோற்றத்திலேயே தெரியும். பளபளப்பான நீல மெருகுக்குப் பதிலாக மங்கிய சாம்பல் நிறப் பூச்சு. கோடுகள் செதுக்கப்படாத வழவழப்பான வால்நட் மரப் பிடி. பிடியின் அடியில் கயிறு மாட்டும் வளையம்.

இந்த ரிவால்வர் இரண்டு வகையாகத் தயாரிக்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை போன்றவற்றுக்கு 4 அங்குலக் குழலுடன் ".38 ஸ்பெஷல்" தோட்டாவைச் சுடும் வகை வழங்கப்பட்டது. பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் 5 அங்குலக் குழலுடன் ".38/200" தோட்டாவைச் சுடும் வகை அனுப்பப்பட்டது. இரண்டாவது வகையில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை போயின. பின்னாளில் மாற்றங்களுக்கு உள்ளானவை பெரும்பாலும் இவைதான்.

இரண்டு "முப்பத்தெட்டுகள்"

சிக்கலின் வேர் இந்த இரண்டு தோட்டாக்களின் பெயரில் இருக்கிறது. இரண்டிலும் "38" என்ற எண் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

.38/200 என்பது 1870-களில் தோன்றிய ".38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்" என்ற பழைய தோட்டாவின் பிரிட்டிஷ் வடிவம். 200 என்பது குண்டின் எடை. கிரெயின் அளவில் 200, அதாவது சுமார் 13 கிராம். அதன் உறை குட்டையானது. நீளம் சுமார் 20 மில்லிமீட்டர். அடிப்பகுதியின் விட்டம் சுமார் 9.8 மில்லிமீட்டர்.

.38 ஸ்பெஷல் 1890-களின் இறுதியில் வந்தது. அதன் உறையின் நீளம் சுமார் 29 மில்லிமீட்டர். ஆனால் விட்டம் 9.6 மில்லிமீட்டர்தான். எனவே புதிய தோட்டா பழையதைவிட நீளமானது, ஆனால் மெலிந்தது. குண்டுகளிலும் வேறுபாடு உண்டு. பழையதன் குண்டு சுமார் 9.17 மில்லிமீட்டர், ஸ்பெஷலின் குண்டு சுமார் 9.07 மில்லிமீட்டர்.

வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இடமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவுதான் பின்னால் வந்த எல்லாத் தொல்லைகளுக்கும் காரணமாயிற்று.

உபரிச் சந்தையும் மாற்றமும்

போர் முடிந்ததும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் கிடங்குகளில் இந்த ரிவால்வர்கள் குவிந்து கிடந்தன. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் அவை மலிவு விலையில் வணிகர்களுக்கு விற்கப்பட்டு, அமெரிக்கச் சந்தைக்குத் திரும்பின.

அங்கே வணிகர்களுக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது தோட்டா. அமெரிக்கக் கடைகளில் எங்கும் கிடைத்தது .38 ஸ்பெஷல்தான், பழைய வகையை விரும்பி வாங்குவோர் குறைவு. இரண்டாவது நீளம். காவலர்களும் பொதுமக்களும் சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய குட்டைக் குழல் ரிவால்வரை விரும்பிய காலம் அது.

எனவே மாற்றங்கள் தொடங்கின. ஆறு அறைகளும் முன்பக்கமாக ஆழப்படுத்தப்பட்டன. இதனால் நீண்ட ஸ்பெஷல் தோட்டா உள்ளே நுழைந்தது. 5 அங்குலக் குழல் சுமார் 2 அங்குலமாக வெட்டப்பட்டது. வெட்டும்போது போய்விட்ட குறிமுள்ளுக்குப் பதில் வேறொன்று பொருத்தப்பட்டது. அடியில் இருந்த கயிற்று வளையம் கழற்றப்பட்டது. சிலவற்றில் இராணுவ முத்திரைகள் தேய்க்கப்பட்டு, மேலே பளபளக்கும் நிக்கல் முலாம் பூசப்பட்டது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடித்ததைப் போல, அந்த முலாமின் அடியில் ஒரு போர்க்கால வரலாறு மறைந்துபோனது.

மாற்றம் விட்டுச்சென்ற பழுதுகள்

அறையை ஆழப்படுத்தலாம், ஆனால் ஏற்கெனவே அகலமாக இருந்த அதன் பின்பகுதியைச் சிறிதாக்க முடியாது. மெலிந்த ஸ்பெஷல் தோட்டா அந்த அகலமான பகுதியில் சற்றுத் தளர்வாகவே உட்காரும். சுடும்போது எழும் அழுத்தம் பித்தளை உறையை வெளிப்பக்கம் தள்ளும். உறை அடிப்பகுதியில் உப்பிப்போகும். சில நேரம் நீளவாக்கில் பிளக்கும். அப்போது சூடான வாயு பின்பக்கமாகக் கசிந்து சுடுபவரைக் காயப்படுத்தக்கூடும்.

அடுத்தது குழல். அறையை மாற்றியவர்கள் குழலின் உட்துளையை மாற்றவில்லை. 9.17 மில்லிமீட்டர் குண்டுக்காக அமைந்த குழல் வழியே 9.07 மில்லிமீட்டர் குண்டு செல்கிறது. குழலின் உட்புறத்தில் சுருள் வடிவில் வெட்டப்பட்ட பள்ளங்கள் குண்டை இறுகப் பிடித்துச் சுழற்ற வேண்டும். பிடி தளர்ந்தால் குறி தவறும்.

மூன்றாவது பூட்டு. இந்த ரிவால்வரின் உருளை பக்கவாட்டில் வெளியே திறக்கும். மூடிய நிலையில் அது முன்னும் பின்னும் ஆக இரண்டு இடங்களில் பூட்டிக்கொள்ளும். முன்பக்கப் பூட்டு, குழலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புடைப்பில் உள்ளது; காலி உறைகளைத் தள்ளும் தண்டின் முனையை அது பிடித்துக்கொள்ளும். குழலை 2 அங்குலமாக வெட்டும்போது அந்தப் புடைப்பும் சேர்ந்து போய்விடும். அதன்பின் உருளையைப் பின்பக்கப் பூட்டு மட்டுமே தாங்கி நிற்கும்.

டாலஸ், 1963

இத்தகைய மாற்றம் வரலாற்றின் மையத்துக்கே வந்த நிகழ்வு ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் அதே நகரில் ஜே. டி. டிப்பிட் என்ற காவலரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பிற்பகல் ஒரு திரையரங்கில் லீ ஹார்வி ஆஸ்வால்ட் கைது செய்யப்பட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. அது பிரிட்டிஷ் தோட்டாவுக்காகத் தயாரிக்கப்பட்ட விக்டரி மாடல்.

அந்த ரிவால்வர் கனடா வழியாக அமெரிக்காவுக்குத் திரும்பிய உபரிச் சரக்கில் ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸ் வணிகர் ஒருவர் வழியாக அஞ்சல் விற்பனைக்கு வந்தது. விலை 29 டாலர் 95 சென்ட். அதன் குழல் 5 அங்குலத்திலிருந்து 2¼ அங்குலமாக வெட்டப்பட்டிருந்தது. அறைகள் .38 ஸ்பெஷலுக்காகக் குடையப்பட்டிருந்தன. குழலின் உட்துளை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது.

கொலையை ஆராய்ந்த வாரன் ஆணையத்தின் முன் இந்த மாற்றம் ஒரு பெரிய கேள்வியாக எழுந்தது. பொதுவாக ஒரு குண்டின் மேல் பதியும் வரிகளைச் சோதனைக்காகச் சுட்ட குண்டோடு ஒப்பிட்டு, அது எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று வல்லுநர்கள் கூறுவர். டிப்பிட்டின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுகள் நான்கு. குழல் குண்டைவிடச் சற்றுப் பெரியது என்பதால் குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக உரசிச் செல்வதில்லை, வரிகளும் ஒத்துப்போவதில்லை. இதே ரிவால்வரில் அடுத்தடுத்துச் சுட்ட சோதனைக் குண்டுகளைக்கூட ஒன்றோடு ஒன்று பொருத்திக் காட்ட முடியவில்லை என எஃப்.பி.ஐ. வல்லுநர் கோர்ட்லாண்ட் கன்னிங்ஹாம் சாட்சியம் அளித்தார். இல்லினாய்ஸ் மாநிலத்தின் வல்லுநர் ஜோசப் நிக்கல் நான்கில் ஒரு குண்டை மட்டும் அந்த ரிவால்வருடன் உறுதியாகப் பொருத்தினார். ஒரே சான்றைப் பார்த்த இரண்டு வல்லுநர்கள் இரண்டு விதமாகக் கூறினர்.

ஆனால் நிகழ்விடத்தில் கிடைத்த நான்கு காலி உறைகள் அந்த ரிவால்வரில் சுடப்பட்டவை என்பதில் இருவரும் உடன்பட்டனர். உறையின் அடிப்பகுதியில் பதியும் அடையாளங்கள் குழலைச் சார்ந்தவை அல்ல. மாற்றம் குழலின் சாட்சியத்தைக் குலைத்தது. பின்பகுதியின் சாட்சியத்தைத் தொடவில்லை.

மாற்றத்தை அடையாளம் காணல்

பழைய விக்டரி மாடல் ஒன்றைச் செப்பனிடுவதற்கு முன் அதற்கு என்ன நேர்ந்தது என்று படித்தறிய வேண்டும். அருங்காட்சியகப் பணியாளர்களும் சேகரிப்பாளர்களும் கவனிக்கும் அடையாளங்கள் சில:

• வரிசை எண்: பிடியின் அடியில் உள்ள எண், குழலின் அடிப்பக்கத்திலும் உருளையின் பின்முகத்திலும் மீண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்கள் ஒத்திருந்தால் பாகங்கள் மூலப் பாகங்கள். வேறுபட்டால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

• பிரிட்டிஷ் சோதனை முத்திரை: பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்கப்படும் துப்பாக்கிகள் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கப்பட வேண்டும். அங்கே பொறிக்கப்படும் குறிகளில் ".767" என்ற எண் காணப்படலாம். அது பழைய குட்டை உறையின் நீளம், அங்குலத்தில். இப்போது அறை எந்த அளவில் இருந்தாலும், முதலில் எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

• அறையின் உட்புறம்: குடையப்பட்ட அறையில் பழைய அறை முடிந்த இடத்தில் ஒரு படி அல்லது வளையம் தெரியும்.

• குழலின் முனை: தொழிற்சாலையில் முனை சீராக உருட்டப்பட்டிருக்கும், வெட்டப்பட்டதில் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். குழலின் அடியில் பூட்டுப் புடைப்பு இல்லாததும் வெட்டப்பட்டதற்குச் சான்று.

• பிடியின் அடி: கயிற்று வளையம் இருந்த துளை காலியாகவோ அடைக்கப்பட்டோ இருக்கும்.

எல்லா மாற்றங்களும் உரிமையாளரால் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1944-இன் இறுதியில் கப்பல் தளத்தில் தவறி விழுந்த ஒரு விக்டரி மாடல் வெடித்து, கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். உடனே நிறுவனம் சுத்தியலைத் தடுக்கும் புதிய பாதுகாப்புத் தகடு ஒன்றை வடிவமைத்தது. பழைய ரிவால்வர்கள் பலவற்றிலும் அது பின்னர் பொருத்தப்பட்டது. இதை "மூலத்தில் இல்லாதது" என்று ஒருவர் கழற்றினால், ஓர் உயிரின் விலையில் வந்த திருத்தத்தையே நீக்கியவர் ஆவார்.

செப்பனிடும் வழிகள்

மாற்றப்பட்ட விக்டரி மாடலைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் இழப்பு இருக்கிறது.

முதல் வழி, மூல வடிவத்துக்குத் திருப்புவது. வெட்டி எறிந்த குழலையும் குடைந்து எடுத்த இரும்பையும் மீண்டும் ஒட்ட முடியாது. எனவே அதே காலத்தைச் சேர்ந்த வேறொரு ரிவால்வரின் 5 அங்குலக் குழலும் உருளையும் தேட வேண்டும். குழல் சட்டகத்தில் மரையால் திருகப்பட்டு, குறுக்கே ஒரு சிற்றூசியால் நிறுத்தப்பட்டிருக்கும். கழற்றிப் பொருத்துவது தேர்ந்த வல்லுநரின் வேலை. விசையை இழுக்கும்போது ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி மட்டுமே இருக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் எண்கள் ஒத்துப்போகா. பார்வைக்கு அது 1943-ஆம் ஆண்டின் ரிவால்வர். உண்மையில் இரண்டு ரிவால்வர்களின் பாகங்களால் ஆனது.

இரண்டாம் வழி, மாற்றத்தை ஏற்றுக்கொண்டு அதைப் பாதுகாப்பாக முடிப்பது. அமெரிக்க வகை விக்டரி மாடலின் .38 ஸ்பெஷல் உருளையையும் குழலையும் பொருத்தினால் தோட்டா, அறை, குழல் மூன்றும் பொருந்தும். சுடுவதற்கு ஏற்ற ரிவால்வர் கிடைக்கும். ஆனால் பிரிட்டனுக்குப் போய்த் திரும்பி வந்ததன் அடையாளம் பெரும்பாலும் அழிந்துவிடும்.

மூன்றாம் வழி, இருக்கும் நிலையிலேயே காப்பது. துருவை நிறுத்தி, எண்களையும் முத்திரைகளையும் குறித்து, படம் எடுத்து, "சுடத் தகுந்ததல்ல" என்று எழுதி வைப்பது. இழப்பு, அது இனி ஆயுதமாகப் பயன்படாது என்பது மட்டுமே. பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றத்தின் நெறிமுறை, காப்புப் பணிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், இயன்றவரை பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்தது மூலப் பொருளிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும் கூறுகிறது. கட்டடங்களுக்காக 1964-இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனமும், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்கிறது. ரிவால்வருக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

ஒப்பிடத்தக்க பிற ரிவால்வர்கள்

அமெரிக்க இராணுவம் 1873 முதல் 7½ அங்குலக் குழல் கொண்ட கோல்ட் ரிவால்வரைக் குதிரைப்படைக்கு வாங்கியது. 1890-களில் அரசே அவற்றில் பல ஆயிரத்தின் குழலை 5½ அங்குலமாக வெட்டி வேறு பிரிவுகளுக்கு வழங்கியது. பிரித்துச் சேர்க்கும்போது பாகங்கள் கலந்துபோனதால், வரிசை எண்கள் ஒத்துப்போகாமை அங்கே மூல நிலையின் அடையாளமே ஆகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் குதிரைப்படை வடிவத்துக்கு விலை ஏறியதும், சிலர் புதிய நீண்ட குழலைப் பொருத்தி "பழைய நிலைக்குத் திருப்பினர்". இதனால் பிலிப்பைன்ஸ் போர்க் காலத்தின் உண்மையான சான்றுகள் சில போலிகளாக மாறின.

பிரிட்டனின் வெப்லி மார்க் 6 ரிவால்வர் (1915) மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் .455 தோட்டா கிடைக்காததால், அமெரிக்காவில் பலவற்றின் உருளைப் பின்முகம் சீவப்பட்டு, .45 தானியங்கித் துப்பாக்கித் தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. ஆனால் .45-இன் அழுத்தம் வெப்லியின் சேவைத் தோட்டாவைவிட மிக அதிகம். விக்டரி மாடலில் உறைதான் பிளக்கிறது. சீவப்பட்ட வெப்லியில் உருளையே உடையும் அபாயம் உண்டு. மூல உருளை ஒன்று கிடைக்காவிட்டால் அதைச் சுடாமல் வைப்பதே முறை.

சட்ட நிலை

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவானது. அதன் 5-ஆம் பிரிவின்படி ஆயுதங்களைத் தயாரிக்க, விற்க, பழுது பார்க்க, மாற்றியமைக்க உரிமம் வேண்டும். 6-ஆம் பிரிவு, துப்பாக்கியின் குழலைக் குறுக்குவதைத் தனியாகவே குறிப்பிட்டு, உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர் என்பதால் மட்டும் ஒருவர் அதைத் தம் வீட்டிலேயே மாற்றியமைக்க முடியாது.

வரலாற்று முக்கியத்துவம்

மாற்றப்பட்ட விக்டரி மாடல் ஒன்று நான்கு செய்திகளைத் தாங்கியிருக்கிறது: கடனைத் தீர்க்க ஓடிய ஒரு தொழிற்சாலை, பிரிட்டிஷ் படையின் தேவை, போருக்குப் பிந்தைய உபரி வணிகம், மறைத்து வைக்கக்கூடிய ஆயுதத்தை விரும்பிய ஒரு சமூகம். 5 அங்குலக் குழலை மீண்டும் பொருத்தினால் முதல் இரண்டும் தெளிவாகும், பின்னிரண்டும் அழியும்.

டாலஸில் கைப்பற்றப்பட்ட ரிவால்வர் இன்று "ஆணையச் சான்று 143" என்ற எண்ணுடன் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது. அதன் குழலும் அறைகளும் பழுதானவை. அவற்றைச் சரிசெய்ய யாரும் முனைவதில்லை. குண்டின் வரிகள் ஏன் பொருந்தவில்லை என்ற கேள்விக்கு விடை அந்தப் பழுதில்தான் இருக்கிறது.